எது எதோடு சேர்ந்திருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வானொலிப் பெட்டியின் பழுது குறித்த ஒரு பதிலோடு மின்சுற்று வரைபடம் ஒன்றையும் அச்சிட்டிருந்தோம். அதைப் படிக்கத் தெரியவில்லை என்று மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் கடிதங்கள் வந்தன. அவற்றில் எட்டுக்கு இம்முறை பதில் தருகிறோம். பதில் எழுதுபவர் டவுன்ஹால் ரோட்டுக்கு அருகில் நெடுங்காலம் பழுதுபார்ப்புக் கடை நடத்தியவர்.

கேள்வி: நான் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவில் படிக்கிறேன். ரெசிஸ்டர், கெபாசிட்டர், டயோடு, டிரான்சிஸ்டர் ஆகியவற்றின் குறியீடுகளை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனாலும் ஒரு முழு வரைபடத்தை முன்னால் வைத்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. பாகங்கள் பொருத்திய போர்டுக்கும் படத்துக்கும் சம்பந்தமே இல்லாதது போலத் தோன்றுகிறது. இதை எப்படிப் பழகுவது?
– மாணவர், கோ. புதூர்

பதில்: உங்கள் குழப்பத்தின் வேர், வரைபடம் சொல்லாத ஒன்றை அதனிடம் கேட்பதில் இருக்கிறது. எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்பதை மின்சுற்று வரைபடம் சொல்வதே இல்லை. எந்தப் பாகத்தின் எந்த முனை, வேறு எந்த முனையோடு சேர்ந்திருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. மாட்டுத்தாவணியில் ஏறினால் எந்தெந்த நிறுத்தங்களைத் தொட்டுத் திருப்பரங்குன்றம் போய்ச் சேரலாம் என்று நடத்துநர் சொல்வதற்கும், மாசி வீதியின் அகலம் என்ன, வெளிவீதி எங்கே திரும்புகிறது என்று நில அளவையாளர் வரைந்து காட்டுவதற்கும் உள்ள வேறுபாடுதான் படத்துக்கும் போர்டுக்கும் இடையே உள்ளது. படத்தில் ஒரு கோட்டுக்கு நீளம் என்பதே கிடையாது. கோட்டின் இரு முனைகளும் மின்சாரத்துக்கு ஒரே இடம்.

வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் சிறிய கருவி ஒன்றின் படத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, 1என்4007 டயோடு நான்கு, 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, பிசி547 டிரான்சிஸ்டர் ஒன்று, 12 வோல்ட் ரிலே (காயில் என்ற கம்பிச்சுற்றில் மின்சாரம் ஓடினால் காந்தமாகி இழுத்து இணைப்பை மாற்றும் சுவிட்ச்) ஒன்று, இரண்டு மூன்று ரெசிஸ்டர்கள் ஆகியவை இருக்கும். படத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, சிவப்புப் பென்சிலால் நான்கு டயோடுகளின் கூட்டிலிருந்து வெளிவரும் பிளஸ் கோட்டைத் தீட்டுங்கள். இடையில் எந்தப் பாகமும் குறுக்கிடாமல் அதோடு சேர்கிற எல்லாக் கோடுகளையும் அதே நிறத்தில் தீட்டிக்கொண்டே போங்கள். பிறகு நீலப் பென்சிலால் கிரவுண்டை, அதாவது எல்லா அழுத்தங்களையும் எதிலிருந்து அளக்கிறோமோ அந்தப் பொதுவான மைனஸ் கோட்டைத் தீட்டுங்கள். படத்தில் ஐந்து இடங்களில் தனித்தனியாகத் தொங்கும் கிரவுண்டுக் குறிகள் போர்டில் ஓரமாக ஓடும் ஒரே அகலமான செம்புத் தடம் என்பது அப்போது விளங்கும். தீட்டி முடித்த பிறகு நிறம் படாமல் எஞ்சுகிற கோடுகள் மிகச் சிலவாகவே இருக்கும். நீங்கள் உண்மையில் படிக்க வேண்டியவை அவ்வளவுதான். நன்றாக வரையப்பட்ட படத்தில் பிளஸ் மேலேயும் கிரவுண்டு கீழேயும் இருக்கும். உள்ளே வருவது இடப்பக்கமும் வெளியே போவது வலப்பக்கமுமாக அமையும். இடத்தை மிச்சப்படுத்துவதற்காக இந்த ஒழுங்கைக் கைவிட்ட படங்களும் ஏராளம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அடுத்து வருவதுதான் முக்கியமான வேலை. ஒவ்வொரு கோட்டுக்கும் அருகில், கிரவுண்டிலிருந்து அளந்தால் அங்கே எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் தருவது 9 வோல்ட் மாறுமின்சாரம். அதன் உச்சம் 9ஐ 1.414ஆல் பெருக்கினால் வருகிற 12.7 வோல்ட். மின்சாரம் ஒரு நேரத்தில் இரண்டு டயோடுகளைக் கடப்பதால் சுமார் 1.4 வோல்ட் கழிந்து, கெபாசிட்டரில் ஏறத்தாழ 11.3 வோல்ட் நிற்கும். சுமை இல்லாதபோது இன்னும் சற்றுக் கூடும். இதை எழுதிய கையோடு, அந்தக் கெபாசிட்டரின் மேல் 25 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதன் பொருளும் விளங்கிவிடும்: அது அந்த இடத்தில் இருக்கிற அழுத்தமன்று, அந்தப் பாகம் தாங்கக்கூடிய எல்லை.

இனி டிரான்சிஸ்டருக்கு வருவோம். பேஸுக்கு வரும் சிறு மின்சாரத்தால் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே வழியைத் திறக்கும் சுவிட்ச் போல அது இங்கே வேலை செய்கிறது. எமிட்டரில் உள்ள அம்பு வெளிநோக்கி இருப்பதால் இது என்பிஎன் வகை. எமிட்டர் நீலக் கோட்டில் சேர்ந்திருக்கிறது. கலெக்டர், ரிலேயின் காயில் வழியாகச் சிவப்புக் கோட்டுக்குப் போகிறது. தொட்டியில் தண்ணீர் ஏறாத வரை பேஸுக்கு மின்சாரம் வர வழியில்லை. ஆகவே பேஸில் 0, கலெக்டரில் 11.3 வோல்ட் என்று எழுதலாம். காயிலில் மின்சாரம் ஓடாதபோது அதன் இரு முனைகளிலும் ஒரே அழுத்தம்தான் இருக்கும் என்பதால்தான் கலெக்டரில் முழு அழுத்தமும் தெரிகிறது. தண்ணீர் உணர்கம்பியைத் தொட்டதும் பேஸில் 0.7 வோல்ட் அளவுக்கு ஏறும், கலெக்டர் 0.2 வோல்ட் அளவுக்கு இறங்கும். 400 ஓம் காயிலில் ஏறத்தாழ 28 மில்லிஆம்பியர் ஓடி ரிலே இழுக்கும். மோட்டாருக்குப் போகும் இணைப்பு பிரியும். இவ்வாறு இரண்டு நிலைகளுக்கும் எண்களை எழுத முடிந்தால் அந்தப் படத்தை நீங்கள் படித்துவிட்டீர்கள் என்று பொருள். ஓர் இடத்தில் எழுத முடியாமல் பென்சில் நின்றுவிட்டால், எதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

ரிலே காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு தலைகீழாகப் போடப்பட்டிருப்பதைப் பார்த்து, அச்சுப் பிழை என்று திருத்திவிடாதீர்கள். என் கடைக்கு வேலை பழக வந்த ஒருவர் அதைத் திருப்பிப் போட்டு, டிரான்சிஸ்டரைச் சூடேற்றி வீணாக்கினார். டிரான்சிஸ்டர் நிறுத்தப்படுகிற கணத்தில் காயில் எதிர்த்திசையில் பெரிய அழுத்தத்தைக் கிளப்பும். அதற்கு வடிகாலாகவே அந்த டயோடு இருக்கிறது. மற்ற நேரமெல்லாம் அது சும்மாதான் இருக்கும்.

கேள்வி: இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் சில படங்களில் புள்ளி இருக்கிறது; சிலவற்றில் இல்லை. பழைய படம் ஒன்றில் ஒரு கோடு மற்றொன்றின் மேல் பாலம் போல வளைந்து போகிறது. எப்படி எடுத்துக்கொள்வது?
– வாசகி, திருநகர்

பதில்: சிக்குக் கோலம் போடுகிறவர்களுக்கு இது எளிதாகப் பிடிபடும். கோலத்தில் இழை இழையைக் கடந்து போகிறது; கடந்த இடத்தில் வழி மாறுவதில்லை. புள்ளியில்லாமல் வெட்டும் கோடுகளும் அப்படித்தான், அவை தொடர்பற்றவை. ஆனால் கோலத்தில் இழை புள்ளியைத் தொடாமல் சுற்றிப் போகும். இங்கே புள்ளி வைத்தால் அந்த இடத்தில் கோடுகள் முடிச்சிடப்பட்டுள்ளன என்று பொருள். பாலம் போல வளைத்து வரைவது பழைய வழக்கம். அப்படி வரைந்தவர்களில் சிலர், வளைவின்றி வெட்டுகிற கோடுகளைப் புள்ளி வைக்காமலேயே சேர்ந்தவையாகக் கொண்டனர். ஆகவே ஒரு படத்தில் ஒரு பாலத்தையாவது கண்டால் மற்ற வெட்டுகளைச் சந்தேகத்தோடு பாருங்கள். ஜெராக்ஸின் ஜெராக்ஸில் புள்ளி மறைந்தும் போகலாம், மைத்துளி புள்ளியாகியும் நிற்கலாம். கவனமுள்ள வரைவாளர்கள் நான்கு கோடுகளை ஒரே புள்ளியில் கூட்டாமல், சற்றுத் தள்ளித் தள்ளி இரண்டு மும்முனைச் சந்திப்புகளாக வரைவது இதற்காகத்தான்.

கேள்வி: நான் மைக்செட் வாடகைக்கு விடுகிறேன். ஆம்ப்ளிஃபயர் பழுதானால் நானே பார்த்துக்கொள்ளலாம் என்று அதன் வரைபடத்தை வாங்கினேன். ரெசிஸ்டர் மதிப்புகள் 4கே7, 2ஆர்2, ஆர்22 என்று எழுதப்பட்டுள்ளன. 104 என்று ஒரு கெபாசிட்டர் இருக்கிறது. இவற்றைக் கடையில் எப்படிக் கேட்டு வாங்குவது?
– மைக்செட் உரிமையாளர், உசிலம்பட்டி

பதில்: தசமப் புள்ளி தேய்ந்து மறைந்தால் 4.7 என்பது 47 ஆகிவிடும். அதைத் தவிர்க்கவே புள்ளி நிற்க வேண்டிய இடத்தில் எழுத்தை வைக்கிறார்கள். 4கே7 என்றால் 4.7 கிலோ ஓம். 2ஆர்2 என்றால் 2.2 ஓம், முன்னால் எண் எதுவும் இல்லாத ஆர்22 என்றால் 0.22 ஓம். கடைசியாகச் சொன்னதில் மட்டும் ஒரு கண்ணி உண்டு. படத்தில் ஒவ்வொரு ரெசிஸ்டருக்கும் ஆர்1, ஆர்2 என்று வரிசை எண்ணும் இருக்கும்; அந்த வரிசையில் இருபத்திரண்டாவதும் ஆர்22தான். ஆம்ப்ளிஃபயரின் பவர் டிரான்சிஸ்டரில் எமிட்டரை ஒட்டி நிற்கிற 5 வாட் ரெசிஸ்டருக்கு அருகில் ஆர்22 என்று கண்டால் அது பெரும்பாலும் மதிப்பு. வரிசை எண் பக்கத்தில் தனியாக இருக்கும். இதைத் தவறாகப் படித்து 22 ஓம் ரெசிஸ்டரைப் பொருத்திவிட்டு, சத்தம் ஏன் கம்மிப் போய் வருகிறது என்று என்னிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அந்த இடத்தில் 3 ஆம்பியர் ஓடினால் 0.22 ஓமில் இழப்பு 0.66 வோல்ட்; 22 ஓமில் அதே மின்சாரம் ஓட 66 வோல்ட் தேவைப்படும். ஆகவே அங்கே ஓட வேண்டிய மின்சாரம் ஓடவே முடியாது.

104 என்பது 10ஐ அடுத்து நான்கு சுழிகள் என்று பொருள்படும். அதாவது ஒரு லட்சம் பிகோஃபாரட். பத்து லட்சம் பிகோஃபாரட் ஒரு மைக்ரோஃபாரட் ஆதலால், கடையில் 0.1 மைக்ரோஃபாரட் என்று கேளுங்கள். 100 நானோஃபாரட் என்றாலும் அதுவேதான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் ஆம்ப்ளிஃபயரில் 2என்3055 போன்ற பெரிய உலோக உறை டிரான்சிஸ்டர் இருந்தால், படத்தில் அதற்கு மூன்று முனைகள் தெரியும்; கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு ஊசிகள்தான் இருக்கும். மூன்றாவதான கலெக்டர் அந்த உலோக உறையே. உறைக்கும் வெப்பத்தகட்டுக்கும் இடையே வைக்கிற, மின்சாரம் கடத்தாத மைக்காத் தகடு எந்த மின்சுற்று வரைபடத்திலும் வரையப்படுவதில்லை. அதை வைக்காமல் திருகினால், கலெக்டரில் உள்ள முழு அழுத்தமும் பெட்டியின் உடலுக்கு வந்து ஃபியூஸ் போகும். படத்தில் இல்லாததால் தேவையில்லை என்று ஆகிவிடாது.

கேள்வி: 555 ஐசி (பல பாகங்களை ஒரே சில்லில் அடக்கிய சுற்று) வைத்து விளக்கை மினுக்கும் சுற்றின் படத்தைப் பார்த்தேன். ஐசியின் கால்கள் 7, 6, 2 என்று ஒரு பக்கமும், 8, 4 மேலேயும், 3 வலப்பக்கமும் வரிசை குலைந்து இருக்கின்றன. படம் தவறா?
– கல்லூரி மாணவி, திருப்பரங்குன்றம்

பதில்: படம் சரியானது; நன்றாகவும் வரையப்பட்டிருக்கிறது. கால்கள் அவற்றின் வேலையைப் பொறுத்து வரையப்படுகின்றன, உடலில் உள்ள இடத்தைப் பொறுத்தல்ல. மின்சாரம் பெறும் 8ஆவது காலும், அதோடு கட்டப்படும் ரீசெட் ஆகிய 4ஆவது காலும் மேலே. கிரவுண்டாகிய 1 கீழே. வெளியீடாகிய 3 வலப்பக்கம். நேரத்தைத் தீர்மானிக்கிற 7, 6, 2 இடப்பக்கம். உண்மையான ஐசியில், மேலிருந்து பார்க்கும்போது வெட்டுக்குறியை மேல்நோக்கி வைத்தால் இடப்பக்க மேல் முனையில் 1 தொடங்கி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் எண்கள் சுற்றி வரும். செம்புப் பக்கத்திலிருந்து பார்த்தால் அத்தனையும் இடம் மாறித் தெரியும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். தொடக்கத்தில் நாங்கள் எல்லோரும் தடுக்கி விழுந்த இடம் அது.

1971இல் ஹான்ஸ் காமென்சிண்ட் வடிவமைத்து, மறு ஆண்டு சிக்னெடிக்ஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த இந்த ஐசியின் உள்ளே ஒரே மதிப்புள்ள மூன்று ரெசிஸ்டர்கள் மின்னழுத்தத்தை மூன்றாகப் பகுக்கின்றன. ஆகவே 9 வோல்ட் தந்தால், வெளியே உள்ள கெபாசிட்டரின் அழுத்தம் 3 வோல்ட்டுக்கும் 6 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். 6ஆவது காலும் 2ஆவது காலும் ஏன் ஒன்றாகக் கட்டப்பட்டுள்ளன என்பதற்கு இதுவே விடை: ஒன்று மேல் எல்லையைக் கவனிக்கிறது, மற்றொன்று கீழ் எல்லையைக் கவனிக்கிறது, கவனிப்பது ஒரே கெபாசிட்டரை.

வேறு சில படங்களில் இதற்கு நேர்மாறான குறை உண்டு. ஓர் ஐசிக்குள் நான்கு ஆப்-ஆம்ப்கள் (இரண்டு அழுத்தங்களின் வேறுபாட்டைப் பெருக்கித் தரும் சுற்றுகள்) இருக்கும்போது, அவற்றை நான்கு முக்கோணங்களாகப் பக்கத்தின் நான்கு மூலைகளில் வரைந்துவிட்டு, மின்சாரக் கால்களை வரையாமலே விட்டுவிடுவார்கள். எல்எம்324இல் 4ஆவது காலுக்குப் பிளஸ், 11ஆவது காலுக்கு கிரவுண்டு தர வேண்டும் என்பது வாசிப்பவருக்குத் தெரிந்ததாகவே அந்தப் படம் எண்ணிக்கொள்கிறது.

கேள்வி: டிவி பழுதுபார்க்கக் கற்றுவருகிறேன். எல்.இ.டி. டிவியின் பவர் போர்டுப் படத்தில் கிரவுண்டுக்கு இரண்டு விதமான குறிகள் உள்ளன. இரண்டும் கிரவுண்டுதானே என்று கருதி, மீட்டரின் கருப்பு முனையை டிவியின் இரும்புச் சட்டத்தில் வைத்து, பெரிய கெபாசிட்டரின் பிளஸ் முனையை அளந்தேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் எண் வருகிறது. ஏன்?
– வாசகர், மேலூர்

பதில்: ஒரு படத்தில் இரண்டு கிரவுண்டுக் குறிகள் இருந்தால், அவை இரண்டு வெவ்வேறு இடங்கள் என்று வரைந்தவர் உங்களுக்கு எச்சரிக்கை தருகிறார். பவர் போர்டில் 230 வோல்ட் நேரடியாக வந்து சேர்கிற பகுதியை ஹாட் பக்கம் என்றும், டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்பால் 12 வோல்ட், 24 வோல்ட் என்று டிவிக்குப் போகிற பகுதியைக் கோல்டு பக்கம் என்றும் கடைக்காரர்கள் சொல்வார்கள். இரண்டு பக்கங்களுக்கும் இடையே கம்பித் தொடர்பு கிடையாது. டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலமும், எல்இடியின் வெளிச்சத்தால் மறுபக்கத்து டிரான்சிஸ்டருக்குச் செய்தி கடத்தும் பிசி817 போன்ற ஆப்டோ கப்ளருக்குள் இருக்கிற வெளிச்சமுமே எல்லையைத் தாண்டுகின்றன. இரண்டு கிரவுண்டுகளையும் இணைத்து ஒரு சிறிய நீலநிறக் கெபாசிட்டர் இருப்பது உண்டு. அது இரைச்சலைத் தணிப்பதற்கு மட்டும். இரும்புச் சட்டம் கோல்டு பக்கத்தைச் சேர்ந்தது. பெரிய கெபாசிட்டரோ ஹாட் பக்கத்தைச் சேர்ந்தது. தொடர்பில்லாத இரண்டு இடங்களுக்கு இடையே நீங்கள் அளந்ததால்தான் நிலையில்லாத எண் வந்தது. கருப்பு முனையை அந்தக் கெபாசிட்டரின் மைனஸிலேயே வைத்து அளந்திருந்தால், 230இன் உச்சமாகிய ஏறத்தாழ 325 வோல்ட்டைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தத்தை உயர்த்தித் தரும் பவர் ஃபேக்டர் திருத்தச் சுற்று உள்ள போர்டாக இருந்தால் 380 முதல் 400 வரைகூட இருக்கும்.

மீட்டரோடு போனது உங்கள் நல்ல காலம். எர்த் இணைப்புள்ள ஆசிலோஸ்கோப்பின் கிளிப்பை ஹாட் கிரவுண்டில் மாட்டினால், வெடிச் சத்தத்தோடு ஃபியூஸும் சில பாகங்களும் போய்விடும். படத்தைக் கையில் எடுத்ததும் அந்த எல்லையை, புள்ளிக்கோடாக வரையப்பட்டிருந்தால் அதன் மேலேயே, சிவப்புப் பென்சிலால் அழுத்தி வரையுங்கள். வரையப்படாமல் இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரின் நடுவிலும் ஆப்டோ கப்ளரின் நடுவிலும் நீங்களே கோடு கிழித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆப்டோ கப்ளரின் எல்இடியைப் படத்தின் வலக்கோடியிலும் அதன் டிரான்சிஸ்டரை இடக்கோடியிலும் ஒரே பெயரிட்டு வரைந்திருப்பார்கள். அவற்றைத் தேடி இணைத்துப் பார்த்தால், வெளியீட்டு அழுத்தம் ஏறியதை உள்ளே இருக்கிற ஐசி எப்படித் தெரிந்துகொள்கிறது என்பது விளங்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். அளந்து பார்க்காமல் கை வைக்காதீர்கள். முதல் முறை மின்சாரம் தரும்போது 100 வாட் குண்டு பல்பை, மின்சாரம் அதைக் கடந்தே போர்டுக்குப் போகும்படி, சீரிஸில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இதில் ஆர்வம் இருக்கிறது. ஆங்கிலம் தெரியாமல் வரைபடம் படிக்க முடியுமா?
– தந்தை, சோழவந்தான்

பதில்: முடியும். குறியீடுகளுக்கு மொழி கிடையாது. ரெசிஸ்டரை அமெரிக்கர்கள் நெளிகோடாகவும் ஐரோப்பியர்கள் நீள்சதுரமாகவும் வரைகிறார்கள் என்பது போன்ற சில வட்டார வழக்குகள் மட்டும் உண்டு. படத்தில் வருகிற ஆங்கிலச் சொற்கள் சில டஜன்தான். அவற்றில் பாதியை அவள் வீட்டு ஸ்விட்ச் போர்டிலேயே பார்த்திருப்பாள்.

கேள்வி: எங்கள் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரில் பச்சை பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும் வரை மோட்டார் ஓடுகிறது, கையை எடுத்தால் நின்றுவிடுகிறது. மூடியின் உட்புறம் ஒட்டியுள்ள படத்தைப் பார்த்தேன். காயில் ஓரிடத்திலும், அதே பெயருடைய கான்டாக்ட் வேறோர் இடத்திலும் இருக்கின்றன. ஒன்றும் புரியவில்லை.
– விவசாயி, வாடிப்பட்டி

பதில்: உங்கள் கேள்வியிலேயே பழுதும் அடங்கியிருக்கிறது. ஸ்டார்ட்டரின் படத்தில் காயிலையும் அது இழுக்கிற கான்டாக்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வரைவதில்லை; எந்தக் கோட்டில் எது வேலை செய்கிறதோ அந்தக் கோட்டில் அதை வரைகிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தால் அவை ஒரே கருவியின் உறுப்புகள். மேலும், எல்லாக் கான்டாக்டுகளும் மின்சாரம் இல்லாதபோது, யாரும் பட்டனை அழுத்தாதபோது இருக்கிற நிலையில்தான் வரையப்படும். திறந்ததாக வரைந்திருந்தால் காயில் இழுத்ததும் அது மூடும். மூடியதாக வரைந்திருந்தால் திறக்கும்.

இப்போது ஒரு ஃபேஸிலிருந்து விரலை வைத்துக் கோட்டைப் பின்தொடருங்கள். முதலில், மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் நிறுத்திவிடும் ஓவர்லோடு ரிலேயின் 95, 96 என்ற முனைகள். சாதாரண நிலையில் மூடியிருக்கும். அடுத்து சிவப்பு பட்டன், அதுவும் மூடியது. அடுத்து பச்சை பட்டன், அது திறந்தது. அதற்குப் பிறகு ஏ1, ஏ2 என்று குறிக்கப்பட்ட காயில். அங்கிருந்து இன்னொரு ஃபேஸ். பச்சை பட்டனுக்கு இணையாக 13, 14 என்ற எண்களோடு ஒரு திறந்த கான்டாக்ட் இருக்கும். காயில் இழுத்ததும் அது மூடி, நீங்கள் கையை எடுத்த பிறகும் காயிலுக்கு மின்சாரம் போக வழி விடுகிறது. எலெக்ட்ரீஷியன்கள் அதை ஹோல்டிங் கான்டாக்ட் என்பார்கள். பச்சை பட்டனை அழுத்தும்போது மோட்டார் ஓடுகிறது என்பதால், மற்றவை எல்லாம் நலமாக உள்ளன. 13, 14 கான்டாக்ட் கரிந்திருக்கிறது, அல்லது அதற்குப் போகிற வயர் கழன்றிருக்கிறது. அங்கே இருப்பது 415 வோல்ட். மெயினை இறக்கி, ஃபியூஸ் கட்டைகளையும் கழற்றிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். பழக்கமில்லாவிட்டால் எலெக்ட்ரீஷியனை அழைத்து, பழுது இந்த இரண்டு எண்களில் இருக்கிறது என்று சொல்லுங்கள். அவருக்கு வேலை பாதியாகும்.

கேள்வி: ஸ்டெபிலைசர் பழுதுபார்க்கிறேன். பெரும்பாலானவற்றுக்கு வரைபடமே கிடைப்பதில்லை. போர்டைப் பார்த்து நானே வரைய முடியுமா?
– வாசகர், அனுப்பானடி

பதில்: முடியும். படம் படிக்கக் கற்பதற்கு இதைவிடச் சிறந்த வழியை நான் கண்டதில்லை. போர்டின் இரண்டு பக்கங்களையும் கைப்பேசியில் படமெடுத்து, செம்புப் பக்கத்துப் படத்தை மட்டும் இடவலமாகத் திருப்பிக்கொண்டால், பாகங்களும் தடங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நிற்கும். பெரிய கெபாசிட்டரின் பட்டைக்குறி உள்ள முனை மைனஸ். அங்கிருந்து கிரவுண்டைத் தொடங்குங்கள். பிறகு ஐசியின் எண்ணைப் பார்த்து அதன் தரவுத்தாளை எடுத்துக்கொண்டால், எந்தக் கால் என்ன வேலை செய்கிறது என்பது தெரிந்துவிடும். பாதிப் படம் அதிலேயே வந்துவிடும்.

மீட்டரைப் பீப் ஒலிக்கிற நிலையில் வைத்துத் தொடர்பைச் சோதிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில பத்து ஓம்களுக்குக் கீழே எது இருந்தாலும் அது ஒலிக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றும், சிறு மதிப்புள்ள ரெசிஸ்டரும் வெறும் கம்பி போலவே கேட்கும். இதை நம்பி, ஸ்டெபிலைசரின் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிற எல்லா டேப்புகளும் (ஒரே சுற்றில் இடையிடையே எடுத்த இணைப்புகளும்) ஒரே இடம் என்று நான் ஒரு முறை வரைந்து வைத்து, ஒரு மாலைப் பொழுதை வீணாக்கியிருக்கிறேன். ஓம் நிலையில் எண்ணைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

முதல் படம் போர்டில் இருக்கிற ஒழுங்கிலேயே, பார்க்கச் சகிக்காமல் வரும். அதை வைத்துக்கொண்டு பிளஸை மேலேயும் கிரவுண்டைக் கீழேயும் கொண்டுவந்து இரண்டாம் முறை வரையுங்கள். தாளில் அழித்து அழித்து வரைய அலுப்பாக இருந்தால் கீகேட் என்ற இலவச மென்பொருளில் வரையலாம்; பாகத்தை இழுத்து நகர்த்தும்போது கோடுகளையும் கூடவே வரச் செய்யலாம். இரண்டாம் படத்தில், அதுவரை கண்ணுக்குத் தெரியாத உருவங்கள் தெரியத் தொடங்கும்: ஒரே மாதிரியான ஆப்-ஆம்ப் ஒவ்வொரு ரிலேக்கும் ஒன்றாக நிற்பதும், எல்லாவற்றுக்கும், அழுத்தத்தை நிலையாக வைத்திருக்கும் ஒரு சீனர் டயோடிலிருந்து ஒரே ஒப்பீட்டு அழுத்தம் போவதும், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு டிரான்சிஸ்டரும், காயிலுக்குக் குறுக்கே தலைகீழ் டயோடும் இருப்பதும். பிறகு கோ. புதூர் மாணவருக்கு மேலே சொன்னது போல ஒவ்வொரு கோட்டிலும் எண்ணை எழுதுங்கள். நன்றாக ஓடுகிற இன்னொரு ஸ்டெபிலைசரைத் திறந்து அந்த இடங்களை அளந்து பாருங்கள். உங்கள் எண்ணும் மீட்டரின் எண்ணும் முரண்பட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் படத்தை. பழுதானதில் அளக்கும்போது அதே எண் முரண்பட்டால், சந்தேகப்பட வேண்டியது அந்த இடத்துப் பாகத்தை.